செட்டிநாட்டில் இலை பழுப்பதைக் குறித்துவைக்க: நோட்டா, போனா, செயற்கைக்கோளா?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இலை எப்போது பழுக்கிறது, எப்போது கொட்டுகிறது, தளிர் எப்போது வருகிறது என்று ஊர்வாரியாக, வருடம் தவறாமல் எழுதிவைக்க ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்திருக்கிறோம். பள்ளிப் பசுமைப் படைப் பிள்ளைகள், எங்களைப் போல ஒன்றிரண்டு ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைத் திறந்து பார்க்க அவ்வப்போது சென்னையிலிருந்து வந்துபோகும் சில பங்காளிகள். ஆசைக்குக் குறைச்சல் இல்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் பேச்சு முடிய மாட்டேன் என்கிறது. தபால்காரர் நாற்பது பக்க நோட்டு போதும் என்கிறார். பிள்ளைகள் போனில் படம் எடுத்துவிடலாம் என்கிறார்கள். பங்காளிகளில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கிற காலத்தில் வெயிலில் நிற்பது எதற்கு என்று கேட்கிறார். மூன்றையும் இந்த மண்ணில் வைத்து எடைபோட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

இலை நிறம் மாறுவதைப் பின்தொடர்வது என்றாலே எல்லாருக்கும் குளிர்நாட்டு இலையுதிர்காலம்தான் நினைவுக்கு வருகிறது. அக்டோபர் வந்தால் அமெரிக்காவிலிருக்கும் மாமா மகள் வாட்ஸ்ஆப்பில் மேப்பிள் படமாக அனுப்பித் தள்ளுவாள். இங்கே அப்போது ஐப்பசி அடைமழை, மரமெல்லாம் கரும்பச்சை. அந்த ஊர்க் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒத்துவராது. ஏன் என்று தெரிந்தால் எந்த வழி நமக்கு என்பதும் பாதி முடிவாகிவிடும்.

வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் செப்டம்பர் கடைசியில் நிறம் ஏறத் தொடங்கும். வடக்கேயும் மலைமேலும் முதலில், அப்புறம் தெற்கேயும் பள்ளத்தாக்கிலும். ஜப்பானில் ஹொக்கைடோவில் தொடங்கி கியூஷு வரை இறங்கிவரும். காஷ்மீரத்து சினார் மரங்களுக்கு அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை. பகல் சுருங்குகிறது, இரவு குளிர்கிறது, பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் ஒளிந்திருந்த மஞ்சள் கரோட்டினாய்டுகள் வெளியே தெரிகின்றன. மேப்பிள் போன்ற மரங்கள் அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியைப் புதிதாகவே தயாரிக்கின்றன. நல்ல வெயில் பகலும் உறையாத குளிர் இரவும் சேர்ந்து வந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். நிறம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒழுங்காக நகர்வதால் அங்கே வரைபடம் போடுவது சுலபம். இந்த வாரம் இந்த மாவட்டம் உச்சம், அடுத்த வாரம் அந்த மாவட்டம் என்று சொல்லிவிடலாம்.

வெர்மான்ட்டில் வருடத்தின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். காரைக்குடியில் அது ஒன்றேகால் மணி நேரம்கூடத் தேறாது. நம் மரங்களை அதிகம் ஆட்டிவைப்பது தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழை ஊருணியையும் கண்மாயையும் நிரப்பிவிட்டுப் போகிறது. தை, மாசியில் மண் காய்கிறது. வாகை இலையை உதிர்த்துவிட்டு வெளிறிய நெற்றுகளோடு நிற்கும். ஒதியம் மொட்டையாகும். மாசி, பங்குனியில் புங்கம், வேம்பு, அரசு, இலுப்பை, தூங்குமூஞ்சி என்று வரிசையாகக் கொட்டும். கொட்டி முடித்த கையோடு, மழை எதுவும் வராமலே, வெயில் ஏற ஏறத் தளிர் வந்துவிடும். வேர் ஆழத்தில் ஈரத்தைப் பிடித்துவைத்திருப்பதால் நடக்கிற காரியம் இது.

ஆகவே நமக்கு வடக்கிலிருந்து தெற்கே நகரும் நிறம் என்று ஒன்று கிடையாது. ஊருணிக் கரையில் வேர் நனைய நிற்கும் அரசு இன்னும் பச்சையாக இருக்கும்போது, அதே ஊரில் செம்பூரான் பாறைமேல் நிற்கும் அரசு மொட்டையாகி முடித்திருக்கும். கோயில் திருமஞ்சனத் தண்ணீர் வடிந்துபோகும் பக்கம் நிற்கும் வேம்புக்கு ஒரு கணக்கு, மேலவீதி வேம்புக்கு வேறு கணக்கு. மாவட்டத்துக்கு ஒரு நிறம் பூசிய வரைபடம் இங்கே அழகாக இருக்கலாம், உண்மையாக இருக்காது. நாம் பின்தொடர வேண்டியது பகுதியை அல்ல, பகுதி முழுக்கச் சிதறி நிற்கும் தனி மரங்களை.

சிவப்பு தனியாக ஒரு தலைவலி. குளிர்நாட்டில் சிவப்பு என்றால் இலை போகப்போகிறது என்று அர்த்தம். இங்கே நாட்டு வாதுமை மட்டும் அப்படி நடந்துகொள்ளும். பெரிய பெரிய இலைகள் குங்குமச் சிவப்பாகி விழும், பல இடங்களில் வருடத்துக்கு இரண்டு தடவை. ஆனால் அரசு, இலுப்பை, வேம்பு, மா இவற்றுக்கெல்லாம் சிவப்பு பிறக்கும்போதே வருகிறது. அரசந்தளிர் செம்புத் தகடு போல மின்னும். இலுப்பைக் கொழுந்தும் அப்படித்தான். இளம் இலையில் பச்சையம் ஏற நாளாகும், அதுவரை அந்தோசயனின் முன்னால் நிற்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மரத்தடியில் நின்று, “சார், இது சாகுற சிவப்பா, பொறக்குற சிவப்பா?” என்று கேட்டாள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாத வழி எவ்வளவு நவீனமாக இருந்தாலும் செட்டிநாட்டுக்கு அரைகுறைதான்.

நோட்டும் கண்ணும்

பழைய வழி. வாரம் ஒருமுறை அதே மரத்தடிக்குப் போய், அண்ணாந்து பார்த்து, எழுதிவிட்டு வருவது. கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் உலகத்தில் நீண்ட காலம் நிலைத்த பதிவுகள் இப்படித்தான் வந்திருக்கின்றன. ஜப்பான் வானிலை மையம் 1953 முதல் நாடு முழுக்க ஒரே முறையில் மரங்களைப் பார்த்து எழுதிவருகிறது. அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு யோசனைதான்: மாதிரி மரம். ஊர்தோறும் ஒரு குறிப்பிட்ட மரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். எல்லா மரத்தையும் பார்த்துச் சராசரி சொல்வது கிடையாது. அந்த ஒரு மேப்பிளின் பெரும்பாலான இலைகள் சிவந்துவிட்டன என்று பார்ப்பவருக்குத் தெரியும் நாள்தான் அந்த ஊரின் சிவக்கும் நாள். கின்கோ மஞ்சளாவதற்கும் அதே விதி. இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. 2021-இல் அவர்கள் பார்க்கும் செடி, மரங்களின் பட்டியலை ஆறு வகையாகக் குறைத்துவிட்டார்கள். அவ்வளவு வசதியுள்ள அரசு அமைப்புக்கே பட்டியல் சுமையாகிறது என்றால், நாங்கள் இருபது மரவகை என்று ஆரம்பிப்பது வீண் ஜம்பம்.

நம் நாட்டிலும் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளியோ தனியாளோ ஒரு மரத்தைப் பதிவுசெய்துகொண்டு வாராவாரம் பார்த்து எழுதலாம். தளிர் இலை, முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று மூன்றே விடை. சதவீதம் கேட்டால் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போடுவார்கள். நாற்பதா ஐம்பதா என்று பெரியவர்களுக்கே தெரியாது. ‘கொஞ்சமா நிறையவா’ என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும். நிறம் என்று தனிக் கட்டம் போடாமல் தளிர், முற்றல், பழுப்பு என்று இலையின் வயதைக் கேட்பதால் அந்தப் பிள்ளை கேட்ட சிவப்புக் கேள்வியும் இங்கே தானாகத் தீர்ந்துவிடுகிறது. கொழுந்தைத் தொட்டால் மெத்தென்று இருக்கும், துவளும். பழுத்தது விறைப்பாக இருக்கும், காம்பைத் தொட்டாலே கழன்றுவரும். கிட்ட நிற்பவருக்குச் சந்தேகமே வராது.

எந்த மரங்கள்? என் கணக்கில் நான்கு போதும். அரசு, ஏனென்றால் பிள்ளையார் இருக்கும் இடமெல்லாம் அது இருக்கிறது, வெட்டமாட்டார்கள். வேம்பு, ஏனென்றால் சித்திரை வருடப் பிறப்புக்கு அதன் பூ வேண்டும். அது எப்போது பூக்கிறது என்பதை ஆச்சிமார் ஏற்கெனவே கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். புங்கம், ஏனென்றால் பழுப்பிலிருந்து பளபளக்கும் கிளிப்பச்சைக்கு அவ்வளவு வேகமாக மாறும் மரம் வேறில்லை. ஒரு வாரம் தவறவிட்டால் மொட்டை நிலையையே பார்க்காமல் போகலாம். இலுப்பை, ஏனென்றால் அது இல்லாமல் செட்டிநாட்டு மரப் பட்டியல் எழுதுவது எனக்கு ஒப்பாது. வெற்றுக் கிளை நுனியில் பூக்கொத்து வந்து, கூடவே செந்தளிரும் வருவதை ஒருமுறை கிட்டப் பார்த்தவர் என்னோடு வாதாட மாட்டார். பூவரசு வேண்டாம். அதில் வருடம் முழுக்க நாலு மஞ்சள் இலை இருந்துகொண்டே இருக்கும்.

இடத்துக்கும் அலைய வேண்டியதில்லை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்கள் பகுதி முழுக்கப் பரவி இருக்கின்றன. எல்லாமே காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். கோயிலை ஒட்டி ஊருணி, ஊருணிக் கரையில் மரம். மருதங்குடி என்ற பழைய பெயருள்ள பிள்ளையார்பட்டியில் மட்டும் மருதமரம் ஒன்றையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தபால்காரர் சொல்கிறார். அது அவருடைய ஆசை, விட்டுவிடலாம்.

இந்த வழியின் கோளாறு ஆள்தான். இலை கொட்டித் தளிர்க்கும் நாட்கள் அச்சுப் பிசகாமல் பரீட்சை நாட்களோடு மோதுகின்றன. மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு, அதையொட்டிப் பத்தாம் வகுப்பு, ஏப்ரலில் மற்றவர்களுக்கு முழு ஆண்டுத் தேர்வு. புங்கம் நிறம் மாறும் வாரத்தில் எந்த அம்மாவும் பிள்ளையை மரத்தடிக்கு அனுப்ப மாட்டாள். மே மாதம் பள்ளியே கிடையாது. பெரியவர்கள் கையில் விடலாம் என்றால், செட்டிநாட்டில் பாதித் தெருவில் கதவு பூட்டித்தான் கிடக்கிறது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு முகப்பைத் தட்டினால் வருவது வாட்ச்மேன். அவரை விட்டுவிட்டு இங்கே எந்தத் திட்டம் போட்டாலும் இரண்டாவது வருடம் படுத்துவிடும்.

இன்னொரு குறை, ஆளுக்கு ஆள் கண் மாறுவது. போன வருடம் பார்த்தவருக்குக் ‘கொஞ்சம்’ என்பது இந்த வருடம் பார்ப்பவருக்கு ‘நிறைய’. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நிறைய என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ளப் போகிறோம். அப்படியும் கொஞ்சம் நழுவும். அந்த நழுவலுக்கு மருந்து அடுத்த வழியில் இருக்கிறது.

போன் படம்

படம் பொய் சொல்லாது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். போன் படம் நன்றாகவே பொய் சொல்லும். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே திருத்திக்கொள்ளும். மேகம் போட்ட நாளில் எடுத்த பழுப்பு இலையும் வெயில் நாளில் எடுத்த பழுப்பு இலையும் வேறு வேறு மரம் போலத் தெரியும். புதுப் போன்களில் இலையை அதிகப் பச்சையாக்கிக் காட்டும் வேலை வேறு நடக்கிறது. அதனால் நிறத்துக்காகப் படம் எடுப்பதென்றால் சில கட்டுப்பாடுகள் வேண்டும். அதே இடம், அதே உயரம், அதே நேரம், சூரியன் முதுகுப் பக்கம், வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) ‘பகல்’ என்று பூட்டியிருக்க வேண்டும், ஃபில்டர் எதுவும் கூடாது.

அமெரிக்காவில் 2008-இல் தொடங்கிய ஃபீனோகேம் வலையமைப்பு இதைத்தான் கோபுரத்தில் பொருத்திய கேமராக்களை வைத்துச் செய்கிறது. படத்தில் மரத்தின் மேல் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவையும் எடுத்து, பச்சையை மூன்றின் கூட்டுத்தொகையால் வகுக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, முற்றிய புங்க இலையில் சிவப்பு 90, பச்சை 120, நீலம் 60 என்று வந்தால் 120-ஐ 270-ஆல் வகுக்க 0.44. அரசந்தளிரில் சிவப்பு 140, பச்சை 100, நீலம் 70 என்றால் 100-ஐ 310-ஆல் வகுக்க 0.32. வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் மூன்றும் ஏறக்குறைய சேர்ந்தே ஏறி இறங்குவதால் இந்த விகிதம் அவ்வளவாக ஆடாது. கணக்குப் பாடத்துக்கும் ஆயிற்று, எட்டாம் வகுப்புப் பிள்ளையே செய்துவிடும். இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருளில் கட்டம் போட்டு எண்களை எடுக்கலாம்.

ஆனால் அந்த 0.32-ஐப் பாருங்கள். பழுத்த வாதுமை இலையும் அதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். சாகிற சிவப்பும் பிறக்கிற சிவப்பும் எண்ணில் ஒன்றாகிவிடும். மொட்டைக் கிளைக்குப் பின்னால் செம்மண் மேடு தெரிந்தால் அதுவும் சிவப்புக் கணக்கில் ஏறும். எண் மட்டும் வைத்திருப்பவருக்கு மாசிக் கடைசியில் என்ன நடந்தது என்று தெரியாது. எண்ணோடு படத்தையும் வைத்திருப்பவர் பெரிதாக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். எனவே போன் படத்தின் உண்மையான மதிப்பு அந்த விகிதத்தில் இல்லை. பத்து வருடம் கழித்து வேறொருவர் வந்து, எங்கள் ‘கொஞ்சம்’, ‘நிறைய’வைச் சரிபார்க்க முடியும் என்பதில் இருக்கிறது.

செட்டிநாட்டில் ஒரு வசதி உண்டு. படச்சட்டத்துக்குள் நிறம் மாறாத பொருள் ஒன்று இருந்தால், அதை வைத்து மற்ற நிறங்களைச் சரிசெய்துகொள்ளலாம். சுண்ணாம்பு வெள்ளையும் காவியும் மாறி மாறி அடித்த கோயில் மதில் இதற்கென்றே கட்டிவைத்தது போல இருக்கிறது. வெள்ளைக்கு வெள்ளை, சிவப்புக்குச் சிவப்பு. மரமும் மதிலின் ஒரு துண்டும் சேர்ந்து வருகிற மாதிரி நின்றுகொண்டால் போதும். திருவிழாவுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தால் அன்றைய தேதியை நோட்டில் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நிரந்தரக் கேமரா வைத்துவிடலாமே என்று பங்காளி கேட்டார். கரண்ட், குரங்கு, யார் வீட்டு மாடி, யார் பொறுப்பு, பக்கத்து வீட்டு முற்றம் படத்தில் விழுகிறதே என்ற மனத்தாங்கல். வேண்டாம்.

உயரத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் குன்றக்குடி இருக்கிறது. மலைப்படியில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து சுற்றுவட்டாரத்தை மாதம் ஒரு படம் எடுத்தால், தனி மரம் தெரியாவிட்டாலும் ஊரின் பொதுநிறம் எப்படிப் போகிறது என்பது தெரியும். இது கட்டாயமில்லை, கிருத்திகைக்குப் போகிறவர்கள் எடுத்துவரட்டும்.

செயற்கைக்கோள்

பங்காளியின் வாதம் பலமானது, லேசாகத் தள்ளிவிட முடியாது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களில் முதலாவது 2015-இல் போனது, இரண்டாவது 2017-இல். 2024-இல் போன மூன்றாவது, முதலாவதின் வேலையை ஏற்றுக்கொண்டது. எப்போதும் இரண்டு சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வந்துபோகும் ஏற்பாடு. படம் இலவசம். கோபர்நிகஸ் பிரவுசரில் காரைக்குடி என்று தேடி, தேதியைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். போன வருடம், அதற்கு முந்தைய வருடம் என்று பின்னோக்கியும் போகலாம். இது நோட்டுக்காரரால் முடியாத காரியம். அவருடைய கணக்கு அவர் எழுதத் தொடங்கிய நாளிலிருந்துதான். அதோடு மாசி, பங்குனியில் நம் வானம் பெரும்பாலும் வெளுத்துக் கிடக்கும், மேகத் தொந்தரவு குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் படம் கிடைப்பது அரிது. அப்போது நமக்குப் பெரிய தேவையும் இல்லை.

இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது என்டிவிஐ என்ற பசுமைக் குறியீடு. அடர்ந்த பச்சைக்கு 0.6, 0.7 என்று போகும். வெறும் மண்ணுக்கு 0.1, 0.2 என்று கீழே நிற்கும். மரம் கொட்டினால் குறியீடு இறங்கும், தளிர் முற்றினால் ஏறும்.

மாட்டிக்கொள்வது அளவில். சென்டினல் படத்தின் ஒரு கட்டம் (பிக்சல்) 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட் என்றால் 30 மீட்டர், ஒரு கட்டமே இருபத்திரண்டு சென்ட். மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் படம் தினமும் வரும், ஆனால் அதன் கூர்மையான கட்டமே 250 மீட்டர், அதாவது பதினைந்து ஏக்கர். ஒரு ஊருணி, கோயில், நாலு வீதி எல்லாம் ஒரே புள்ளிக்குள். சென்டினலின் இரண்டரை சென்ட் கட்டம் பெரிய அரசமரத்தின் தலைமேல் சரியாக விழுந்தால் நல்லது. விழும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? பாதி மரம், கால்வாசி ஓட்டுக் கூரை, மீதி செம்மண் என்றுதான் வரும். வீதியோர வேம்பெல்லாம் அதற்குக் கண்ணில் படாது.

அளவைவிடப் பெரிய தொல்லை, நம் நிலத்தில் என்னென்ன கலந்து கிடக்கிறது என்பது. சீமைக்கருவேலம் கண்மாய் உட்புறமெல்லாம் அடைத்துக்கொண்டு வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிறது. அதன் நடுவே பத்து இலுப்பை கொட்டினாலும் கட்டத்தின் பசுமை அசையாது. தைலமரக் காடும் முந்திரித் தோப்பும் அப்படித்தான், இலையை ஒரேயடியாகக் கொட்டுகிற வழக்கம் அவற்றுக்குக் கிடையாது. தைலமரத்தை வெட்டி எடுக்கும்போது மட்டும் குறியீடு தடாலென்று விழும், அதை இலையுதிர்வு என்று எண்ணிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேல் நெல். கண்மாய்ப் பாசனத்தில் ஒரே போகம். மார்கழியில் கதிர் பழுத்து மஞ்சளாகும், தையில் அறுப்பு, அப்புறம் தாளும் வெறும் வயலும். செட்டிநாட்டின் செயற்கைக்கோள் படத்தில் தை மாதம் தெரிகிற பெரிய நிறமாற்றம் பொங்கல் அறுவடைதான். மரத்துக்கு அதில் சம்பந்தமில்லை. பகுதி முழுமைக்கும் ஒரு கோட்டை வரைந்து, இதோ இலை பழுக்கிறது என்று காட்டினால் எந்த விவசாயியும் சிரித்துவிடுவார்.

சாகிற சிவப்பா, பிறக்கிற சிவப்பா என்ற கேள்விக்கும் இதனிடம் நேரான பதில் இல்லை. செந்தளிர் நிறைந்த மரத்துக்கும் பாதி கொட்டிய மரத்துக்கும் குறியீடு கிட்டத்தட்ட ஒன்றாகவே வரக்கூடும். சென்டினலில் இதைப் பிரித்துப் பார்க்க உதவும் ‘சிவப்பு விளிம்பு’ அலைவரிசைகள் உண்டு. அவை 20 மீட்டர் கட்டத்தில்தான் கிடைக்கின்றன, பத்து சென்ட். கதை மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுகிறது.

ஒரே ஒரு இடத்தில் பங்காளிக்கு முழு மார்க் கொடுக்கலாம். பிரான்மலை. அங்கே சரிவு முழுக்கக் காடு தொடர்ச்சியாக இருக்கிறது, வயல் குறுக்கே வராது, வாராவாரம் ஏறிப் பார்க்க யாருக்கும் கால் கிடையாது. மலையின் எந்தப் பக்கம் முதலில் காய்கிறது, எந்த வருடம் சீக்கிரம் கொட்டுகிறது என்பதைச் செயற்கைக்கோளைவிட மேலாகச் சொல்ல யாராலும் முடியாது. காலை பத்தரை மணியை ஒட்டி எடுக்கும் படம் என்பதால் மேற்குச் சரிவில் நிழல் கொஞ்சம் விழும், அதைக் கவனித்துக்கொண்டால் போதும்.

கூடைக் கணக்கு

யாரும் முன்மொழியாத நாலாவது வழி ஒன்றும் உண்டு. கோயில் பிரகாரம் கூட்டுபவர்களிடம் கேட்பது. எங்கள் ஊர்க் கோயிலில் கூட்டுகிற ஆத்தாவிடம் அரசு எப்போது கொட்டும் என்று கேட்டேன். “மாசி மகம் தாண்டினா ரெண்டு கூடை நாலு கூடையாகும் தம்பி, நாலு ஆறாகும். ஒருநா பாத்தா ஒரு கூடைக்கும் தேறாது. அன்னைக்கு மேல பாரு, செவசெவன்னு இருக்கும்” என்றார். காட்டியல் ஆராய்ச்சியில் மரத்தடியில் குறிப்பிட்ட பரப்பளவுள்ள வலையைக் கட்டி, விழுந்த சருகைக் காயவைத்து எடைபோடுவார்கள். ஆத்தா செய்வதும் அதுதான், தராசு மட்டும் இல்லை. காற்றடித்தால் கணக்குக் கெடும், பக்கத்து மரத்துச் சருகும் சேரும். ஆனால் ஒரு நாள்கூடத் தவறாத பார்வை இது ஒன்றுதான். தினம் எத்தனை கூடை என்று மதிலில் கரிக்கோடு போட்டுவிட்டால், வெள்ளிக்கிழமை வருகிறவர் நோட்டில் ஏற்றிக்கொள்ளலாம். இதற்கு ஒரு சின்னத் தொகை கொடுக்க வேண்டும், அதைப் பங்காளிகள் தரட்டும்.

எது எங்களுக்கு

நோட்டுதான் முதுகெலும்பு என்று நான் சொல்வேன். தனித்தனி மரமாகச் சிதறிய நிலம், தண்ணீரைப் பொறுத்து மாறும் நாள், பிறப்பிலும் சாவிலும் வரும் சிவப்பு, இந்த மூன்றையும் சமாளிக்கக் கிட்ட நின்று பார்க்கும் கண் வேண்டும். போன் படம் அதற்குச் சாட்சியாகக் கூடவே வரட்டும். விகிதக் கணக்கைப் போடுவதும் போடாததும் அந்தந்தப் பள்ளியின் விருப்பம். செயற்கைக்கோள் பிரான்மலைக்கு மட்டும். அதைப் பங்காளியே சென்னையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம், அவருக்கும் ஒரு பொறுப்பு ஆயிற்று. கூடைக் கணக்கு எந்தக் கோயிலில் ஆள் இசைகிறாரோ அங்கே.

வேறு சூழ்நிலையில் இருப்பவர்களுக்கு இதே முடிவு பொருந்தாது. பிள்ளைகளே இல்லாத ஊர், வாட்ச்மேன் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் நோட்டை விட்டுவிட்டு வாரம் ஒரு படம் மட்டும் கேளுங்கள். அவர் வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார், எழுதுவதை இன்னொருவர் படத்தைப் பார்த்துச் செய்யலாம். தோப்பு வைத்திருப்பவர், ஒரே வகை மரம் பத்து ஏக்கரில் நிற்கிறது என்றால் சென்டினல் அவருக்கு நன்றாகவே உதவும். எனக்கு வெளியூர் உறவினர்களுக்குப் படம் காட்டினால் போதும் என்பவர் பங்குனி முதல் பாதியில் ஒரு அரசமரத்தடிக்குக் காலை வெயிலில் போய்வந்தால் வேலை முடிந்தது.

கிழமை வெள்ளி என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. எப்படியும் கோயிலுக்குப் போகிற நாள், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரலில் பிள்ளைகளுக்குப் பதிலாகத் தபால்காரரும் அவருடைய நண்பர்களும் போவார்கள். ஆளுக்கு மூன்று கோயில், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் பொதுச்செலவு.

மிச்சம் இருப்பது அடையாளம் போடுவது. எந்த மரம் என்பதில் அடுத்த வருடம் வருகிறவருக்குக் குழப்பம் வரக்கூடாது. எண் எழுதிய தகட்டை ஆணி அடித்து மாட்டலாம் என்றார்கள். பிள்ளையாருக்கு நிழல் தரும் அரசமரத்தில் ஆணி அடிக்க ஊரில் யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. பெயின்ட்டும் வேண்டாம். நோட்டின் முதல் பக்கத்தில் ஊருணிப் படித்துறை, மதில் மூலை இரண்டிலிருந்தும் மரத்துக்கு எத்தனை எட்டு என்று அளந்து ஒரு வரைபடம், எதிர்ப்பக்கத்தில் நிற்க வேண்டிய இடத்திலிருந்து எடுத்த ஒரு படம். தை பிறப்பதற்குள் ஒன்பது கோயிலுக்கும் இதைச் செய்து முடிக்க வேண்டும், ஏனென்றால் வாகை அதற்குள்ளாகவே கொட்டத் தொடங்கியிருக்கும். எங்கள் பட்டியலில் வாகை இல்லாவிட்டாலும் அது கொட்டினால் அடுத்தடுத்த மரங்களுக்கு அதிக நாள் இல்லை.